உழைத்து ஓய்ந்த குதிரைகள்: ஒரு மீட்பு வரலாறு

கைவிடப்பட்ட குதிரையை மீட்டு, தேற்றி, பொறுப்பான வேறொருவரிடம் ஒப்படைக்கும் பணி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டது. அதற்கு முன்பு வேலைக் குதிரைக்கு ஒரே பாதைதான் இருந்தது, அதுவும் இறக்கமாகவே போனது. பிரபு வீட்டுக் கோச்சில் தொடங்கிய குதிரை, முழங்கால் போனதும் வாடகை வண்டிக்காரரிடம் வரும். அங்கே மூச்சு வாங்க ஆரம்பித்தால் கரி வண்டிக்கோ காய்கறி வண்டிக்கோ மாறும். கைமாறும் ஒவ்வொரு முறையும் விலையும் தீனியும் குறையும், பாரம் மட்டும் கூடும். கடைசியில் தோலுக்கும் எலும்புக்கும் விலை பேசி வாங்கும் கொல்கொட்டடிக்குப் போய்ச் சேரும். 1890களில் லண்டனில் மட்டும் சுமார் மூன்று லட்சம் குதிரைகள் இருந்தன. பேருந்துக்கு முன்னோடியான ஆம்னிபஸ்ஸை இழுத்த குதிரை ஐந்து ஆண்டு போலத் தாக்குப்பிடிக்கும், பிறகு ஏலத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் அதன் கதை கம்பெனிக் கணக்கில் இல்லை.

சட்டம் முதலில் தடுத்தது சவுக்கடியைத்தான். ரிச்சர்ட் மார்ட்டின் என்ற ஐரிஷ் உறுப்பினரின் முயற்சியால் 1822இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், குதிரை, மாடு, ஆடுகளைக் கொடுமையாக அடிப்பதைக் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டு கழித்து லண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் பிறந்தது. 1866இல் நியூயார்க்கில் ஹென்றி பெர்க் அதேபோன்ற சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே தெருவில் விழுந்த குதிரையை ஏற்றிச்செல்ல ஆம்புலன்ஸ் வண்டி ஓடியது. அந்த நகரத்தில் மனிதருக்கான மருத்துவமனை ஆம்புலன்ஸ் வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அடிக்காமலே ஒரு குதிரையைச் சாகடிக்க முடியும். தீனியைக் குறைத்தால் போதும், லாடத்தைக் கவனிக்காமல் விட்டால் போதும். இந்தப் பட்டினிக் கொடுமையைக் கேட்க 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் யாரும் இல்லை.

1877இல் அன்னா சூவல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ என்ற நாவல் வெளிவந்தது. குதிரையே தன் கதையைச் சொல்வதாக அமைந்தது அது. மேலே சொன்ன இறக்கப் பாதை முழுவதையும் அந்த நாவல் படிப்படியாகக் காட்டுகிறது. முடிவில் மட்டும் விதிவிலக்கு உண்டு. சந்தையில் யாரும் சீந்தாமல் நிற்கும் கிழக்குதிரையை ஒரு விவசாயி பேரனின் பேச்சைக் கேட்டு வாங்கி, புல்வெளியில் விட்டு, நல்ல தீனி போட்டுத் தேற்றி, பொறுப்பான வீட்டில் சேர்க்கிறார். இன்று மீட்பு அமைப்புகள் செய்வது ஏறக்குறைய இதையேதான். கற்பனையில் முதலில் நடந்தது பின்னால் நிஜமாயிற்று. சூவல் அதைப் பார்க்கவில்லை. புத்தகம் வந்த சில மாதங்களிலேயே, 1878இல், இறந்துவிட்டார்.

அந்த நாவலால் உந்தப்பட்ட ஆன் லிண்டோ என்ற பெண்மணி, 1886இல் லண்டனுக்கு வெளியே ஹாரோ அருகிலுள்ள சட்பரியில் குதிரைகளுக்கான ஓய்வில்லம் ஒன்றைத் தொடங்கினார். அதன் ஏற்பாடு அந்தக் காலத்துக்கு மிகவும் நுட்பமானது. வண்டிக்காரரின் குதிரை களைத்துப் போனால் அதைச் சில வாரம் அங்கே விடலாம், செலவு குறைவு. அதுவரை பிழைப்பு கெடாமல் இருக்க இல்லத்துக் குதிரை ஒன்றை அவர் ஓட்டிக்கொள்ளலாம். குதிரைக்கு ஓய்வு கொடுத்தால் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது என்ற உண்மையை லிண்டோ புரிந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த பலர் இதை மறந்து மறுபடி கற்க நேர்ந்தது. அந்த இல்லம் ‘ஹார்ஸ் டிரஸ்ட்’ என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. 1982 ஜூலை 20 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் குண்டு வெடித்து ஏழு ராணுவக் குதிரைகள் இறந்தபோது, படுகாயத்தோடு பிழைத்த செஃப்டன் ஓய்வுக்காலத்தைக் கழித்ததும் அங்கேதான்.

முதல் உலகப் போர் குதிரைகளை லட்சக்கணக்கில் விழுங்கியது. போர் முடிந்தபோது எஞ்சியவற்றை என்ன செய்வது என்பது பெரிய நிர்வாகச் சிக்கலாயிற்று. வயது, உடல்நிலை பார்த்துத் தரம் பிரித்தார்கள். சிறந்தவை படையிலேயே தங்கின. அடுத்தவை விவசாயிகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் ஏலம் போயின. மீதி கசாப்புக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து போருக்காகக் கடல் கடந்த குதிரைகள் சுமார் 1,36,000. அவற்றில் தாயகம் திரும்பியது ஒன்றே ஒன்று. கலிப்போலிப் போரில் மாண்ட ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரையான சாண்டிதான் அது. கப்பல் செலவும், நோய் பரவும் என்ற பயத்தால் இருந்த தனிமைப்படுத்தல் விதிகளும் மற்றவற்றைத் தடுத்துவிட்டன. போர் முடிவில் ஆஸ்திரேலியர்களிடம் மிஞ்சிய 13,000 குதிரைகளில் 2,000 வயதும் நோயும் காரணமாகக் கழிக்கப்பட்டன. விற்கப்பட்ட 11,000இல் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்குப் போயின. வேலர் என்று பெயர்பெற்ற ஆஸ்திரேலியக் குதிரை இந்தியாவுக்குப் புதியதல்ல. அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே அவை கப்பல் கப்பலாக மதராஸிலும் கல்கத்தாவிலும் வந்து இறங்கி, குதிரைப்படைக்கு விலைபோயிருந்தன.

எகிப்தில் விற்கப்பட்டவற்றின் கதி வேறு. பாலஸ்தீனப் போர்முனையில் பீர்ஷெபாவிலிருந்து டமாஸ்கஸ் வரை பாலைவனத்தைக் கடந்த பிரிட்டிஷ் படைக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் ஆயிரக்கணக்கில் கெய்ரோவின் வண்டிக்காரர்களிடம் போய்ச்சேர்ந்தன. விற்றவர்கள் ஊர் திரும்பினார்கள், விஷயம் மறந்துபோயிற்று.

1930இல் பிரிட்டிஷ் குதிரைப்படைப் பிரிகேடுக்குத் தலைமையேற்று ஜெஃப்ரி புரூக் கெய்ரோ வந்தார். அவருடைய மனைவி டொரதி புரூக் குதிரைகளோடு வளர்ந்தவர். அதிகாரிகளின் மனைவிமார் தேநீர் விருந்துக்குப் போகும் நேரத்தில் அவர் நகரின் சந்துகளில் ராணுவ முத்திரையைத் தேடி அலைந்தார். படைக்குதிரையின் பின்தொடையில் அகன்ற அம்பு வடிவச் சூட்டுக்குறி இருக்கும். தோல் சுருங்கி, எலும்பு துருத்தி, மேனியெல்லாம் புண்ணாகிப்போன குதிரையிலும் அந்தக் குறி மட்டும் அழியாமல் நின்றது. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்ததால் அப்படிப்பட்ட குதிரை எதுவும் இருபது வயதுக்குக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. குதிரையின் கணக்கில் அது முதுமை.

கல்குவாரியிலும் சரக்கு வண்டியிலும் அவை உழைத்தன. வெள்ளைக்காரர் கண்ணில் படும் பெரிய வீதிகளுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் கெய்ரோ லாயத்தில் டொரதி முதலில் கண்ட குதிரைக்கு ‘ஓல்டு பில்’ என்று பெயர் வைத்தார். ஒரு காலத்தில் நல்ல கட்டான குதிரை என்பது அதன் எலும்பமைப்பிலேயே தெரிந்தது. அதை விலைக்கு வாங்கி, சில நாள் கவனித்து, வலியில்லாமல் முடித்துவைத்தார். அதன் படமே பிறகு நிதி திரட்டவும் உதவியது.

1931 ஏப்ரல் 16 அன்று லண்டனின் ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் டொரதியின் கடிதம் வந்தது. படைக்குதிரைகளின் நிலையை நேரடியாகச் சொல்லி, வாசகர்களிடம் பணம் கேட்டது அது. போரில் மகனையும் சகோதரனையும் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அந்தக் கடிதம் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அவர்களோடு போர்க்களத்தில் இருந்த உயிர்கள் இன்னும் நுகத்தடியில் நிற்கின்றன என்பது சாதாரணச் செய்தியல்ல. பணம் குவிந்தது. அடுத்த மூன்று ஆண்டில் டொரதியும் அவர் அமைத்த குழுவும் வாங்கிய குதிரைகள் ஐந்தாயிரம்.

வாங்கும் நாளில் கெய்ரோவில் குழுவின் இடத்துக்குச் சொந்தக்காரர்கள் குதிரைகளை ஓட்டி வருவார்கள். குழுவினர் முத்திரை சரிபார்த்து, விலை பேசி, பணத்தைக் கையில் கொடுப்பார்கள். சொந்தக்காரர் வேறு மிருகம் வாங்க அந்தத் தொகை போதுமானதாக இருக்க வேண்டும் என்பதில் டொரதி கவனமாக இருந்தார். அவருடைய நாட்குறிப்பில் கோபம் நிறைய உண்டு, ஆனால் ஏழை வண்டிக்காரரை அரக்கனாக்கும் வேலையை அவர் செய்யவில்லை. தானே அரைவயிற்றில் கிடப்பவன் குதிரைக்கு முழு வயிறு எப்படிப் போடுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

லாயத்துக்குள் நடந்ததுதான் அந்தப் பணியின் மையம். பொடியாக நறுக்கிய கோதுமை வைக்கோலை எகிப்தியர்கள் ‘திப்ன்’ என்பார்கள். அதைக் கனமாகப் பரப்பி வைத்திருப்பார்கள். பல ஆண்டாகக் கல்லிலும் மண்ணிலும் நின்றே இரவைக் கழித்த குதிரை வாசலில் தயங்கும். வளைந்து கோணிப்போன குளம்பு மெத்தென்ற தரையைத் தொட்டதும் மறுபடி நின்றுவிடும், தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கும், அதற்குப் பிறகே ஒவ்வொரு அடியாக உள்ளே போய்த் தொட்டியில் வாய் வைக்கும். சில நாள் தீனி, தண்ணீர், நிழல், ஓய்வு. அப்புறம் துப்பாக்கிக் குண்டு.

ஐந்தாயிரத்தில் பெரும்பான்மைக்கு முடிவு இதுதான். மீட்பு என்ற சொல்லைக் கேட்டதும் இன்று மனதில் வருவது பசும்புல்வெளியில் துள்ளும் குதிரை. டொரதியின் காலத்தில் மீட்பு என்பது முதன்மையாக நல்ல சாவைக் கொடுப்பது. அதில் பாவனை எதுவும் இல்லை. மூட்டு தேய்ந்து, பல் தேய்ந்து, கண் மங்கிய இருபத்திரண்டு வயதுக் குதிரையைத் தேற்றுகிறேன் என்று மாதக்கணக்கில் வலியோடு நிறுத்தி வைத்தால் யாருக்கு நிறைவு கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படைக்குதிரைகள் தீர்ந்ததும் இன்னொரு உண்மை எதிரே நின்றது. முத்திரை இல்லாத எகிப்தியக் குதிரைகளும் கழுதைகளும் அதே சந்தில், அதே புண்ணோடு நின்றன. எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது. வாங்கினால் விலை ஏறுமே தவிரக் கொடுமை குறையாது. 1934இல் கெய்ரோவின் சையிதா சைனப் பகுதியில் போர்க்குதிரை நினைவு மருத்துவமனையை டொரதி தொடங்கினார். சொந்தக்காரர் மிருகத்தைக் கொண்டுவரலாம், சிகிச்சை இலவசம், குணமானதும் திரும்ப ஓட்டிச் செல்லலாம். அதே ஆண்டு கணவரின் பதவிக்காலம் முடிந்து அவர்கள் இங்கிலாந்து திரும்பினாலும், டொரதிக்கு கெய்ரோவுடனான தொடர்பு விடவில்லை. 1955இல் அவர் இறந்ததும் அந்த நகரத்தில்தான். மருத்துவமனை இன்றும் இருக்கிறது. ‘புரூக்’ என்ற பெயரில் வளர்ந்த அமைப்பு பின்னர் ஜோர்டான், பாகிஸ்தான், இந்தியா எனப் பல நாடுகளுக்குச் சென்றது. குதிரையை வாங்குவதை விட்டு, சொந்தக்காரரைப் பழக்குவது, லாடம் அடிப்பவருக்குப் பயிற்சி தருவது, வழியில் தண்ணீர்த் தொட்டியும் நிழலும் அமைப்பது ஆகியவற்றையே அது முக்கிய வேலையாகக் கொண்டது.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு போராட்டம் நடந்தது. 1911இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் அடா கோல் என்ற ஆங்கிலேயப் பெண், பிரிட்டனிலிருந்து இறக்கப்பட்ட ஓய்ந்த குதிரைகளை அடித்தே மைல்கணக்கில் கசாப்புக்கூடத்துக்கு ஓட்டிச் செல்வதைப் பார்த்தார். 1927இல் அந்த ஏற்றுமதிக்கு எதிராக ஒரு சங்கம் அமைத்தார். அவர் மறைந்து ஏழு ஆண்டு கழித்து, 1937இல், குறைந்த விலைக் குதிரைகளை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது. குதிரைக்குக் குறைந்தபட்ச விலை ஒன்றை நிர்ணயித்து, அதற்குக் கீழே மதிப்புள்ளவை கப்பலேறக் கூடாது என்பதே அதன் வழி. அடிமாட்டு விலைக்குப் போகும் குதிரையைக் காக்க அந்த விலையையே ஆயுதமாக்கியது கெட்டிக்காரத்தனமான யோசனை. அந்தச் சங்கம் இன்று ‘வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர்’.

ஓய்ந்ததாகக் கழிக்கப்பட்ட குதிரை எல்லாமே உண்மையில் ஓய்ந்ததல்ல என்பதை அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்குதிரை காட்டியது. 1956 பிப்ரவரியில் நெதர்லாந்திலிருந்து குடியேறிய சவாரி ஆசிரியர் ஹாரி டிலேயர், பென்சில்வேனியாவின் நியூ ஹாலண்ட் ஏலத்துக்கு வந்தார். வழியில் டயர் பஞ்சராகித் தாமதமானதால் ஏலம் முடிந்துவிட்டது. கசாப்புக்கு ஏற்றிய லாரியில் மட்டும் சில குதிரைகள் இருந்தன. ஏர் உழுது சேணம் தேய்ந்த தழும்போடு நின்ற ஒன்றை 80 டாலருக்கு வாங்கினார். குழந்தைகள் அதற்கு ஸ்னோமேன் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து ஊர் டாக்டருக்கு அதை விற்றபோது, அது வேலிகளைத் தாண்டித் தாண்டிப் பழைய வீட்டுக்கே வந்து நின்றது. வேலியை உயர்த்தினார்கள், அதையும் தாண்டியது. டிலேயர் அதைத் திரும்ப வாங்கித் தாண்டலுக்குப் பழக்கினார். 1958இலும் 1959இலும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தாண்டல் சாம்பியன் அதுதான். அதைக் கழித்துக்கட்டியவர்களின் கண் எவ்வளவு பழுது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் கதை ஒரு தீங்கும் செய்தது. மீட்கும் குதிரை ஒவ்வொன்றும் சாம்பியனாகத் திரும்பும் என்ற எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டது.

அரசே நடத்தும் தத்துத் திட்டம் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பிறந்தது. 1950இல் நெவாடாவில் அலுவலகச் செயலாளராக இருந்த வெல்மா ஜான்ஸ்டன், ரத்தம் ஒழுகும் லாரி ஒன்றைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார். உள்ளே காட்டுக்குதிரைகள். விமானத்தாலும் லாரியாலும் விரட்டிப் பிடித்து, செல்லப்பிராணித் தீவனத்துக்காக அவற்றை விற்றுவந்தார்கள். இளமையில் போலியோவால் உருவம் சற்றே கோணிய அந்தப் பெண்ணை ‘காட்டுக்குதிரை ஆனி’ என்று எள்ளலாக அழைத்தார்கள். அதையே அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார். பொதுநிலத்தில் வாகனங்களால் காட்டுக்குதிரை பிடிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1959இல் வந்தது. பள்ளிப்பிள்ளைகள் கடிதம் எழுதி நாடாளுமன்றத்தைத் திணறடித்த பின்பு 1971இல் முழுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பாதுகாத்ததும் கூட்டம் பெருகியது, புல் போதவில்லை. நிலத்தை நிர்வகிக்கும் அரசுத்துறை 1973இல் மொன்டானாவின் பிரையர் மலைக் குதிரைகளைத் தத்துக் கொடுத்துப் பார்த்து, 1976இல் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. ஓராண்டு ஒழுங்காக வளர்த்த பிறகே உரிமை கைக்கு வரும். ஆண்டுக்கு நான்கு குதிரைக்கு மேல் ஒருவர் எடுக்க முடியாது. கொலராடோ சிறைக்கைதிகள் 1986 முதல் அந்தக் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1980களில் கட்டணத்தை நீக்கி மொத்தமாகக் கொடுத்தபோது ஆயிரக்கணக்கான குதிரைகள் கசாப்புக்கே போயின. 2019இல் ஒரு குதிரையை எடுத்து வளர்ப்பவருக்கு ஆயிரம் டாலர் தருவதாக அறிவித்தபோதும், பணத்தைப் பெற்றதும் குதிரையைக் கசாப்பு ஏலத்தில் தள்ளிய சம்பவங்கள் வெளிவந்தன. கட்டணம் இல்லாமல் கிடைக்கும் குதிரைக்கு மதிப்பில்லை, பணமும் சேர்த்துக் கொடுத்தால் அதற்கு இன்னும் மோசமான மதிப்பு.

தேற்றும் கலை அறிவியலாக மாறியதும் கடந்த ஐம்பது ஆண்டுகளில்தான். 1983இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் டான் ஹென்னிகி, குதிரையின் உடல்நிலையை ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பிடும் முறையை வெளியிட்டார். கழுத்து, தோள்மேடு, தோளின் பின்புறம், விலா, முதுகு, வால்மூலம் ஆகிய இடங்களைக் கையால் தடவி, கொழுப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வழி. அடர்ந்த குளிர்கால ரோமம் கண்ணை ஏமாற்றும், ஆனால் விரல் ஏமாறாது. ஒன்று என்றால் எலும்புக்கூடு, ஐந்து என்றால் சீரான உடல், ஒன்பது என்றால் மிதமிஞ்சிய கொழுப்பு. ‘ரொம்ப மெலிந்திருந்தது’ என்று நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டிருந்த சாட்சிகளால் இப்போது எண்ணாகவே சொல்ல முடிந்தது.

பட்டினி கிடந்த குதிரைக்கு முதல் ஆபத்து அன்புதான். இரக்கப்பட்டு ஒரு வாளி தானியத்தை நீட்டுவது தோன்றக்கூடிய இயல்பான செயல், அதுவே கொல்லவும் செய்யும். நீண்ட பட்டினியில் உடல் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பிழைத்திருக்கிறது. திடீரென மாவுச்சத்து வயிற்றில் விழுந்தால் இன்சுலின் பொங்கி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டையும் மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சும் தடுமாறி, தீனி கொடுக்கத் தொடங்கிய மூன்று முதல் ஐந்து நாளில் குதிரை விழும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வுகள், குதிரைமசாலே பாதுகாப்பான தொடக்கத் தீனி என்று காட்டின. மாவுச்சத்து குறைவு, புரதமும் பாஸ்பரசும் மெக்னீசியமும் கூடுதல்.

அங்கே வகுத்த முறையில் முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை கிலோவுக்கும் சற்றுக் குறைவான மசால், இரவும் பகலும். நான்காம் நாளிலிருந்து அளவைக் கூட்டி வேளைகளைக் குறைத்து, பத்தாம் நாளில் வேண்டிய அளவு கொடுக்கலாம். எடை பழைய நிலைக்கு வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். எடையில் பாதியை இழந்த குதிரையோ, மூன்று நாளுக்கு மேல் எழமுடியாமல் கிடக்கும் குதிரையோ பிழைப்பது அரிது. பல் ராவுதல், குடற்புழு நீக்கம், குளம்பைச் சீராக்குதல் எல்லாம் இதனோடு படிப்படியாகச் சேரும். மாதக்கணக்கில் வெட்டாமல் விட்ட குளம்பு சுருண்டு மேல்நோக்கி வளர்ந்திருக்கும். அதை ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்யப் பார்த்தால் நடை இன்னும் கெடும், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்ட வேண்டும். மனத்தைத் தேற்றுவதற்கு இன்னும் காலம் பிடிக்கும். கையை உயர்த்தினால் தலையைத் தூக்கி எறியும் குதிரை, தீனித் தொட்டியை யாரும் நெருங்க விடாத குதிரை ஆகியவற்றுக்கு மருந்தில்லை. தினமும் ஒரே நேரத்தில் வரும் ஒரே ஆளும், குறித்த நேரத்துத் தீனியும்தான் வழி.

பந்தயக் குதிரைகளுக்கும் ஓய்வுக்காலம் வேண்டும் என்ற எண்ணம் வர 1980கள் ஆயின. பந்தயத்தில் ஓடுவது சில ஆண்டு, அதற்குப் பிறகு இருபது ஆண்டு வாழ்வு மீதி. மொனிக் கோலர் 1983இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு, சிறை வளாகத்தில் பண்ணை அமைத்துக் கைதிகளைக் குதிரை பராமரிக்க வைத்தது. நியூயார்க் மாநிலத்தின் வால்கில் சிறையில் முதலில் வந்துசேர்ந்த குதிரையின் பெயர் பிராமிஸ்டு ரோடு. பணம் படைத்தவர்களின் விளையாட்டு இப்படித் திருந்தத் தயங்கியதற்கு விலையாக, 1986இன் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட் 2002இல் ஜப்பானில் கசாப்புக்குப் போனது அடுத்த ஆண்டு தெரியவந்தது. வென்ற குதிரைக்கே அந்தக் கதி என்றால் தோற்றவற்றின் நிலையை ஊகிக்கலாம்.

பிரிட்டனில் 2008 ஜனவரியில் பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்பிண்டில்ஸ் பண்ணையில் நூற்றுக்கு மேற்பட்ட குதிரை, மட்டக்குதிரை, கழுதைகளை அதிகாரிகள் மீட்டபோது, உயிருள்ளவற்றின் நடுவே பிணங்களும் கிடந்தன. நாட்டின் குதிரை அமைப்புகள் அனைத்தும் ஒரே நேரத்தில் கை கொடுத்தாலும் இத்தனை தலைகளுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. ஒரு குதிரை தேறியதும் வேறு வீட்டுக்குப் போனால்தான் அடுத்த குதிரைக்கு இடம். அதற்கு அமைப்புகள் கைக்கொண்டது கடன் முறை. குதிரை அமைப்பின் சொத்தாகவே இருக்கும். எடுத்து வளர்ப்பவர் அதை விற்கவோ குட்டி போட வைக்கவோ கூடாது, கண்காணிப்பாளர் திடீரென வருவார். வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்கலாம், வேறு யாருக்கும் தள்ளிவிட முடியாது. உரிமையை எழுதிக் கொடுப்பதைவிட இது சங்கடமான ஏற்பாடு. அமெரிக்க அனுபவத்தோடு ஒப்பிட்டால் எது குதிரைக்கு நல்லது என்பதில் ஐயமில்லை.

கசாப்பை நிறுத்தினாலும் பிரச்சினை தீர்வதில்லை. அமெரிக்காவின் கடைசிக் குதிரைக் கசாப்புக்கூடங்கள் 2007இல் மூடின. பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொள்ள, கைவிடப்படும் குதிரைகள் பெருகின. 2011இல் அரசுத் தணிக்கைத் துறை வெளியிட்ட அறிக்கையின்படி, கொலராடோவில் குதிரைப் புறக்கணிப்பு விசாரணைகள் 2005க்கும் 2009க்கும் இடையே 60 விழுக்காட்டுக்கு மேல் கூடின. மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் லாரிகளில் போனவை வேறு.

இந்தியாவில் 1861இல் கல்கத்தாவில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் கவலைகளில் ஒன்று வண்டி மாடும் குதிரையும். 1960இன் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பட்டினி போடுவதையும் கைவிடுவதையும் குற்றமாக்கியது. வதைக்கு உள்ளான மிருகத்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பவும் அது வழிசெய்தது. 2015 ஜூனில் பம்பாய் உயர்நீதிமன்றம் மும்பையின் உல்லாச விக்டோரியா வண்டிகளைச் சட்டவிரோதம் என்றது. வண்டிக்காரர்களின் மறுவாழ்வுக்கு அரசு திட்டம் வகுக்க ஆண்டுகள் ஆயின. குதிரை இல்லாத மின்சார விக்டோரியாக்கள் 2021இல் ஓடத் தொடங்கின. இதற்கிடையில் எண்ணிக்கையே சரிந்துவிட்டது. 2012இல் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்தன. மீதமிருப்பவற்றில் பெரும்பகுதி வடமாநிலங்களின் செங்கல் சூளையிலும் மலைப்பாதையிலும் யாத்திரைத் தலங்களிலும் உழைப்பவை. புரூக்கின் இந்தியக் கிளை வேலை செய்வதும் அங்கேதான்.

தமிழ்நாட்டில் ஜட்கா வண்டி போய்விட்டது. சவாரிக் குதிரை எஞ்சியிருப்பது மெரினாவிலும் ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைநகரங்களிலும். ஊட்டியில் சீசன் முடிந்ததும் தீனிச் செலவை மிச்சம் பிடிக்கச் சிலர் குதிரைகளை அவிழ்த்துவிடுகிறார்கள். அவை சாலையோரக் குப்பையில் மேய்ந்து பிளாஸ்டிக்கை விழுங்குகின்றன, வாகனத்தில் அடிபடுகின்றன. நகராட்சி பிடித்து அடைத்தால் சொந்தக்காரர் அபராதம் கட்டி ஓட்டிச் செல்கிறார். நீலகிரியில் மசினகுடி அருகே விலங்கு நல அமைப்பு ஒன்று நடத்தும் பண்ணையில், இனி சவாரிக்கு ஆகாத குதிரைகளும் கழுதைகளும் ஆயுள் முழுவதும் தங்கிக்கொள்ளலாம்.